தோட்டத்துப் பிள்ளையும் மூளை ஆராய்ச்சியும்

சம்பள உயர்வு பற்றியும், காணி உரிமை பற்றியும், லயங்களை ஒழித்துத் தனி வீடு அமைப்பது பற்றியும் தமிழ் ஏடுகள் எழுதியவற்றைத் திரட்டினால் ஒரு வண்டி கொள்ளாது. தோட்டத் தொழிலாளரின் மனநலம் பற்றி எழுதியவற்றைத் திரட்டினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். வயிற்றுக்குப் போராடுகின்றவனிடம் மூளையைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் பேசுவதா என்று நண்பர் சிலர் எம்மைக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு விடை உண்டு. அவ்விடையை வேற்று நாட்டில் தேட வேண்டியதில்லை. இலங்கையின் அண்மை வரலாறே தந்திருக்கின்றது.

1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் தொகை ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. மேடைதோறும் காரணம் கூறப்பட்டது. வறுமை என்றனர் சிலர். போர் என்றனர் சிலர். மது என்றும் ஒழுக்கக் கேடு என்றும் உபதேசம் செய்தோரும் உளர். ஆராய்ச்சியாளரோ வேறொரு கேள்வியைக் கேட்டனர். கண நேரத் துயரில் மனிதன் கைக்கு எட்டும் நஞ்சு எத்துணைக் கொடியது? கமத்தொழிலுக்கென விற்கப்பட்ட கிருமிநாசினிகளுள் மிகக் கொடியவை 1995 இலும் 1998 இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. விளைவு என்ன? 2015 ஆம் ஆண்டளவில் அவ்விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. அவ்விருபது ஆண்டுகளில் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர் கணித்திருக்கின்றனர். வேலையின்மையோ, மதுப் பழக்கமோ, உள்நாட்டுப் போரோ ஏறியும் இறங்கியும் வந்த விதம் இவ்வீழ்ச்சியோடு ஒத்துச் செல்லவில்லை என்பதை 2007 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நஞ்சைத் தடுத்தால் விளைச்சல் குன்றும் என்று அஞ்சிய விவசாயிகளுக்கும் ஆராய்ச்சியே விடை சொன்னது: விளைச்சல் குன்றவில்லை என 2008 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கந்தப்பளையில் மரக்கறி பயிரிடுகின்றவரும் கிளிநொச்சியில் நெல் விதைக்கின்றவரும் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லுதல் முறை. கிருமிநாசினிகளைப் பூட்டி வைப்பதற்கு வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்தால் உயிர்ச்சேதம் குறையும் என்று பலர் நம்பினர். கேட்பதற்கு நல்ல யோசனைதான். அநுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களைத் தேர்ந்து, அவற்றுள் பாதிக்குப் பெட்டி வழங்கி, மறு பாதியை அவ்வாறே விட்டு, ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்தார்கள். 2017 இல் முடிவு வெளிவந்தது. பெட்டியால் பயன் விளைந்ததற்குச் சான்று இல்லை! இவ்வாராய்ச்சி நடைபெறாதிருந்தால் எத்தனை அமைச்சர்கள் எத்தனை மேடைகளில் பெட்டி வழங்கிப் படம் எடுத்திருப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு அன்று. அது சோற்றோடும் உயிரோடும் சேர்ந்த காரியம். இனி எமது கேள்விக்கு வருவோம். இத்தகைய ஆய்வுகளில் தோட்டத்து மக்கள் எண்ணப்படுகின்றார்கள். எண்ணுகின்றவர்களுள் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்?

ஹற்றனுக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையே கிடக்கும் வட்டவளையை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் மழை மிகுந்த இடங்களுள் அது ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாகப் பொழிகின்றது. அங்குள்ள புகையிரத நிலையம் ஒரு காலத்தில் கண்ட காட்சிகளை முதியோர் இன்றும் மறந்திலர். 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், எமது மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். தாய் ஒரு கரையிலும் மகள் மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. ஒரு சமூகம் புகையிரதம் ஒன்றுக்கே அழுகை என்று பெயரிட்டிருக்கின்றது. அவ்வழுகை அடுத்த தலைமுறையின் மனத்தில் என்ன செய்தது? நீலகிரியில் குடியேறியோர் நிலை யாது, இங்கே தங்கியோர் நிலை யாது? இதனை ஆராய்வதற்கு வட்டவளையிலும் கோத்தகிரியிலும் பாட்டிமாரோடு அமர்ந்து பேசக்கூடிய ஒரு பேரப்பிள்ளையைவிடத் தகுதியானவர் யார்?

வேறு கேள்விகளும் காத்துக் கிடக்கின்றன. 2016 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்திலோ 31.7 சதவீதம். மூளை மிக விரைந்து வளர்வது கருவிலும் முதல் சில ஆண்டுகளிலுமே. எனவே இது உயரத்தின் கணக்கு மட்டும் அன்று. பிள்ளை மடுவத்தில் விடப்படும் குழந்தைக்குக் கிடைக்கும் உணவும், அதனோடு பேசும் குரலும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் அது எழுதப் போகும் விடைகளோடு எவ்வாறு தொடர்புபடுகின்றன என்று ஆராய்தல் வேண்டாமா?

முதியோர் மறதிநோய் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். ஏனெனில் எம் மக்களுக்கு நேரும் அநீதி இதில் மிகத் தெளிவாகத் தெரிகின்றது. முதுமையில் நினைவாற்றல் அழிகின்றதா என்று அறிய வைத்தியர் கையாளும் பரீட்சைகள் பெரும்பாலும் பள்ளி சென்றவர்களுக்கென மேல்நாட்டில் ஆக்கப்பட்டவை. இன்ன திகதி என்ன? நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வருக. இவ்வாக்கியத்தை வாசித்து அதன்படி செய்க. இவ்விரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைக! எட்டு வயதில் மலைக்குச் சென்று, எழுதுகோலையே பிடித்தறியாத மூதாட்டி ஐங்கோணம் வரைவது எங்ஙனம்? ஆனால் அம்மூதாட்டிக்கு எந்த மலையில் எப்போது கவ்வாத்து நடந்தது என்பது தெரியும். நிறுவையில் எத்தனை இறாத்தல் களவு போயிற்று என்பது தெரியும். நாற்பது வருடத்துக் கங்காணிமாரின் பெயரும் குணமும் தெரியும். பரீட்சையோ அவருக்குப் புத்தி மயங்கிவிட்டது என்று தீர்ப்புக் கூறும். மறுபுறம், உண்மையாகவே நோயுற்றவரை ‘வயசாயிருச்சு, அப்படித்தான்’ என்று வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு. இரண்டும் தீங்கே.

இக்குறையை உலகம் அறியாமல் இல்லை. ‘10/66’ என்று பெயரிட்டுக்கொண்ட ஓர் ஆய்வுக் குழுவினர் இதற்காகவே பல நாடுகளில் உழைத்தனர். மறதிநோயாளருள் மூன்றில் இரு பங்கினர், அதாவது 66 சதவீதத்தினர், வளர்முக நாடுகளில் வாழ, அந்நோய் பற்றிய ஆராய்ச்சியில் பத்திலொரு பங்குகூட அந்நாடுகளைப் பற்றியதாக இல்லை என்ற முறையீடே அப்பெயர். அவர்களது ஆய்வுக் களங்களுள் சென்னையும் வேலூரும் இடம்பெற்றன. கல்வியறிவில்லாத முதியோரைப் பிழையாக நோயாளரென முத்திரை குத்தாத பரீட்சை முறையொன்றை அவர்கள் வகுத்தனர். ஆகவே தமிழில் அடித்தளம் இடப்பட்டுவிட்டது. ஆயினும் வேலூர்க் கிராமத்துச் சொல் வேறு. வட்டவளை லயத்துச் சொல் வேறு. அவ்வேறுபாட்டை அறிந்து கேள்விகளைத் திருத்தி அமைப்பது ஒரு பல்கலைக்கழக மாணவன் அல்லது மாணவி ஓராண்டில் செய்து முடிக்கத்தக்க நல்ல வேலை.

ஆனால் மாணவன் தானாகச் செய்துவிட மாட்டான். இங்குதான் வழிகாட்டி வேண்டும். நன்னூலார் தமது நூலின் பாயிரத்திலேயே ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் வைத்தார். கற்பிக்கும் பொருளினும் கற்பிக்கும் உறவே முந்தியது என்று அவர் கருதினார் போலும்! பழம்பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஆராய்ச்சி என்பது புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளும் வித்தை அன்று. அருகிருந்து பழகும் தொழில். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு எவரும் பாடநூல் கொடுப்பதில்லை. தாயின் பக்கத்து நிரையில் நின்று அவள் கற்றுக்கொள்கின்றாள். நுவரெலியா மாவட்டம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றெனக் கணிக்கப்பட்டு, அதற்கெனப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அப்படிக் கதவைக் கடந்து சென்ற பிள்ளைக்குப் பேராதனையிலோ கொழும்பிலோ ஆராய்ச்சி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கும் அண்ணனோ அக்காவோ வீட்டில் இல்லை. கொழும்பு வைத்தியரின் மகனுக்கு அது இரவுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகின்றது. மாணவர் இருவருக்கும் அறிவு ஒன்றே. கேட்பதற்கு ஆள் உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

வழிகாட்டல் என்ற பெயரில் இன்று இருவகைப் போலிகள் உலவுகின்றன. ஒன்று, பணம் வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளையின் பெயரைக் கட்டுரையில் சேர்க்கும் வியாபாரம். பெரும் கட்டணம் வாங்கி, இணையவழியில் சில வாரம் பேசி, ஒரு சான்றிதழைக் கையில் கொடுக்கின்றார்கள். அது கல்வி அன்று, கடைச் சரக்கு. மற்றது, பிள்ளைகளைப் படிவம் நிரப்பும் கூலியாளாக நடத்துவது. மழையில் நனைந்து லயம் லயமாக ஏறி இறங்கி நானூறு படிவம் நிரப்பியவரின் பெயர் கட்டுரையின் அடியில் நன்றியுரையாக முடிந்துவிடும். முந்தியதை ஏமாற்று என்றால் பிந்தியதைத் துரைத்தனம் என்றே சொல்ல வேண்டும். தோட்டத்தில் நாம் எதிர்த்துப் போராடிய அதே துரைத்தனம், வெள்ளைச் சட்டை அணிந்து ஆய்வுகூடத்தில் வந்து நிற்கின்றது.

உண்மையான வழிகாட்டி என்ன செய்வார்? முதலில் கேள்வியைச் சிறிதாக்கக் கற்பிப்பார். ‘மலையக மக்களின் மனநலம்’ என்பது ஓர் ஆய்வுக்குரிய பொருள் அன்று; அது பத்துப் பேரின் வாழ்நாள் வேலை. அடுத்து, சொற்களைச் சோதிக்கக் கற்பிப்பார். ‘மனச்சோர்வு உண்டா?’ என்று அச்சடித்த தாளைப் படித்தால், மலையிலிருந்து வந்த பெண், ‘சோர்வு இல்லாம எப்படிங்க, காலையில இருந்து மலையில நிக்கிறேன்’ என்பாள். உடற்களைப்பு மனநோயாக எண்ணப்பட்டுவிடும்! ‘மனசு சரியில்ல’, ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘ஒரே யோசனை’ என்று மக்கள் சொல்லும் சொற்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்த்த வினாத்தாளை அப்படியே ஹற்றனுக்குக் கொண்டுவருவதும் குற்றமே. தமிழ் ஒன்றுதான், துயரம் பேசும் தமிழ் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றது.

பின்னர், சம்மதம் என்பதன் பொருளைக் கற்பிப்பார். தோட்டத்து முகாமையாளர் அனுமதி தந்தால் தொழிலாளி சம்மதித்ததாகிவிடுமா? தொழிற்சங்கத் தலைவர் தலையசைத்தால் போதுமா? கணக்கப்பிள்ளை பக்கத்தில் நிற்கையில் ‘முடியாது’ என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? அன்றியும் லயத்தில் மறைவு என்பது இல்லை. ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். கணவன் குடித்து அடிப்பதைப் பற்றி ஒரு பெண்ணிடம் அங்கே வைத்துக் கேட்பது, அன்றிரவே அவளுக்கு மேலும் ஓர் அடி வாங்கிக் கொடுப்பதாகும். எங்கே, எப்போது, யார் கேட்பது என்பதை முடிவு செய்த பின்னரே வினாத்தாளைத் தொட வேண்டும். உயிர் வெறுத்த எண்ணம் உண்டா என்று கேட்பதாயின், உண்டு என்று சொல்பவரை அன்றே யாரிடம் அழைத்துச் செல்வது என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். திக்கோயாவில் ஆதார வைத்தியசாலை இருக்கின்றது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கின்றது. இவற்றை அறியாமல் அக்கேள்வியைக் கேட்க எந்த மாணவனுக்கும் உரிமை இல்லை; அவனை அனுப்பிய ஆசிரியருக்கும் இல்லை.

இதனை இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடெங்கும் மண்ணைச் சரித்தது. இத்தகைய துயரங்களின் பின்னே நிவாரணப் பொதியோடு படிவங்களும் வந்து சேர்கின்றன. ஒரே தாயிடம் அதே கதையை ஐந்து குழுவினர் கேட்டு, ஐவரும் திரும்பி வராதிருப்பது ஆராய்ச்சி ஆகாது. வடக்கே போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வேறு வழியைக் காட்டினார். அவர் தாமும் அம்மக்களோடு அங்கேயே இருந்தார். ஆசிரியர்களையும் சமூகத் தொண்டர்களையும் உளநலப் பணிக்குப் பயிற்றினார். தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே வடுப்படுகின்றன என்பதை அவ்வனுபவத்திலிருந்து எழுதினார். சென்னையில் வைத்தியர் தாராவும் அவர்தம் குழுவினரும், 1981 இல் முதன்முதலாக மனச்சிதைவு நோய்க்கு ஆளான 90 பேரைப் பதிந்து, இருபத்தைந்து ஆண்டுகளாக அவர்களைத் தொடர்ந்து கண்டனர். திருமணம் ஆனதா, வேலை கிடைத்ததா, யார் உடனிருக்கின்றார் என்பதையெல்லாம் எழுதி வைத்தனர். ஆராய்ச்சி என்பதன் பெரும்பகுதி இப்பொறுமைதான். இளைஞர் இதனைக் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ள மாட்டார். ஒரு மூத்தவரின் நடையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

பணம் எங்கே, கருவி எங்கே என்று கேட்போருக்கும் ஒரு சொல். சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தவருக்கு இல்லாத கையில் எழும் வலியை ஆராய 1990 களில் பயன்படுத்திய கருவி ஒரு பெட்டியும் அதிலிட்ட முகம் பார்க்கும் கண்ணாடியுமே. பெருங்கருவி கொண்டு செய்த வேலையின் பயனும் இன்று ஏழைக்கு எட்டுகின்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு நிலையத்தார் மனிதக் கருவின் மூளையை 5,132 படலங்களாகச் சீவிப் படம்பிடித்து, 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாகத் திறந்து விட்டிருக்கின்றனர். வட்டவளை மாணவியின் கைத்தொலைபேசியிலும் அது தெரியும். படத்தைப் பார்த்து இது இன்னது என்று சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவே. மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் என்ற கோரிக்கையை நாம் ஆதரிக்கின்றோம். ஆனால் கட்டிடம் எழும் வரை வழிகாட்டி காத்திருக்க வேண்டியதில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் எம்மவர் நரம்பியல் வைத்தியராகவும் உளமருத்துவராகவும் புள்ளிவிபர நிபுணராகவும் இருக்கின்றனர். ஆண்டுக்கொருமுறை பழைய மாணவர் விருந்தில் அவர்கள் செலவிடும் நேரத்தில் பாதியைக் கேட்கின்றோம். வாரம் ஒரு மணி நேரம், ஒரே மாணவருக்கு, இரண்டாண்டு. அதற்குக் குறைந்த வாக்குறுதி எமக்கு வேண்டாம். மூன்று கிழமை வந்து மறைந்துபோகும் வழிகாட்டி, வராதிருப்பதே மேல். தூரத்து நிபுணரோடு, ஊரறிந்த ஒருவரும் சேர வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதற்கு மிகப் பொருத்தமானவர்கள். தொழிற்சங்கங்களோ, மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களோ செய்யத்தக்க உதவியும் ஒன்று உண்டு. விடுமுறையில் வீட்டுக்கு வரும் மாணவர் பலர் கொழும்புக் கடைகளில் நின்று உழைத்தே அடுத்த தவணைச் செலவைத் தேடுகின்றனர். களவேலைக்குப் படி கொடாமல் அவர்களை ஆராய்ச்சிக்கு அழைப்பது பசித்தவனைப் பாட்டுக் கேட்க அழைப்பது போலாகும்.

முதல் வேலையாக மேலே கூறிய மறதிநோய்ப் பரீட்சையையே எடுத்துக்கொள்ளலாம் என்பது எமது கருத்து. மாணவர் மூவர், ஆசிரியர் ஒருவர், வைத்தியர் இருவர் போதும். பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதியை முதலில் பெற வேண்டும். அதற்கே சில மாதங்கள் செல்லும், பொறுத்திருக்க வேண்டும். ஐங்கோணத்துக்கும் எழுத்துக்கும் பதிலாக எவற்றைக் கேட்பது என்பதைத் தோட்டத்து முதியோரிடமே கேட்டுத் தொகுக்க வேண்டும். முடிவுகளை ஆங்கிலச் சஞ்சிகைக்கு அனுப்பு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் அம்முதியோரைக் கூட்டி, அவர்களுக்கு விளங்கும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். பாட்டிமார் சொல்லும் திருத்தங்களை எழுதிக்கொண்ட பின்னரே கட்டுரை அச்சுக்குச் செல்ல வேண்டும்.